எங்கள் ஹாஸ்டல் நெட்: வெளியே போக 2 மார்க், உள்ளே சுற்ற 4.5

தங்கைக்கு நான் படித்த அதே கல்லூரியில் இடம் கிடைத்தபோது அப்பா ஃபீஸ் எவ்வளவு என்று கேட்டார், அம்மா மெஸ் சாப்பாடு எப்படி என்று கேட்டார், அவள் மட்டும் "அண்ணா, ஹாஸ்டல்ல நெட் எப்படி?" என்று கேட்டாள். அப்போது ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டேன். போன மாதம் அவளைப் பார்க்கப் போய், பழைய பிளாக்கையும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்த பிறகுதான் ஒழுங்காகப் பதில் எழுத வேண்டும் என்று தோன்றியது. கோவைப் பக்கம் ஒரு தனியார் பொறியியல் கல்லூரி, பெயர் வேண்டாம். நான் இருந்தது 2013 முதல் 2017 வரை, பையன்கள் விடுதி. செமஸ்டருக்கு 1500 ரூபாய் நெட் கட்டணம், எனக்கு வேண்டாம் என்று சொல்லவும் முடியாது, மெஸ் பில்லோடு ஒட்டிக்கொண்டே வரும். எட்டு செமஸ்டர் காசு கட்டியவன் என்ற முறையில் குறை சொல்ல எனக்கு முழு உரிமை உண்டு.

முதலில் இணைப்பு வாங்கும் படலம். லேப்டாப்பின் மேக் முகவரியை (அதன் நெட்வொர்க் கார்டுக்கான அடையாள எண்) ஒரு படிவத்தில் கையால் எழுதி, டியூட்டர், ஹெச்ஓடி, வார்டன் என்று மூன்று கையெழுத்து வாங்கி, சர்வர் ரூமில் கொடுக்க வேண்டும். பன்னிரண்டு எழுத்துள்ள அந்த முகவரியில் நான் எழுதிய ஒரு 8 அங்கிருந்தவர் கண்ணுக்கு ஆங்கில 'பி'யாகத் தெரிந்ததால் எனக்கு நெட் வர மூன்று வாரம் ஆனது. அறைக்கு மூன்று பேர், லேன் பாயின்ட் (சுவரில் நெட் கேபிள் சொருகும் இடம்) இரண்டு. வயரிங் போட்டவர் மூன்றாவது ஆளைப் பற்றி யோசிக்கவே இல்லை, அந்த மூன்றாவது ஆள் முதல் வருஷம் நான்தான். மெயின் கேட்டுக்கு எதிரே இருந்த ஜெராக்ஸ் கடையில் லேன் கேபிளும் விற்பார்கள், ஆனால் முனை அடித்துத் தருவது மூன்றாவது மாடியில் ஒரு ஃபைனல் இயர் அண்ணன். கிரிம்ப்பிங் டூல் வைத்திருந்தார், ஒரு முனைக்கு 20 ரூபாய். ஜூனியர் என்றால் டீயும் வாங்கிக் கொடுக்க வேண்டும்.

வேகம்? கல்லூரி முழுவதற்கும் 200 எம்பிபிஎஸ் லைன். ஹாஸ்டலில் மட்டும் 1200 பேர். மாலை ஏழு மணிக்கு எல்லோரும் மெஸ்ஸிலிருந்து வந்து உட்கார்ந்தால் தலைக்கு எவ்வளவு வரும் என்று நீங்களே வகுத்துப் பாருங்கள். மாடி ஏறி வருவதற்குள் ஜிமெயில் திறந்திருந்தால் அன்று நல்ல நாள். ஒரு நாளுக்கு 1 ஜிபி, அதற்கு மேல் போனால் மறுநாள் வரை லாகின் பக்கம் மட்டும்தான் தரிசனம். அப்புறம் இரவு 11 மணிக்கு மொத்தமாக வெட்டு, காலை 6 மணிக்குத்தான் திரும்ப வரும். இந்த வெட்டு எங்கள் நிர்வாகம் கண்டுபிடித்தது ஒன்றுமில்லை, 2007-லேயே மும்பை ஐஐடி விடுதி அறைகளில் இரவு நெட்டை நிறுத்தினார்கள், பத்திரிகைகளில் எல்லாம் வந்தது. பிள்ளைகள் தூங்க வேண்டும், நாலு பேரோடு பேசிப் பழக வேண்டும் என்பதுதான் அங்கே சொன்ன காரணம். எங்கள் பிளாக்கில் 11 மணிக்கு மேல் பேசிப் பழகத்தான் செய்தார்கள், மறுக்கவில்லை. விடிய விடிய கவுன்டர் ஸ்ட்ரைக் ஆடியபடி, எதிர் அறைக்காரனைக் கெட்ட வார்த்தையில் கூப்பிட்டுப் பழகினார்கள். வெட்டுப்பட்டது வெளியே போகும் லைன் மட்டும்தானே, உள்ளே அறைகளை ஒன்றோடொன்று இணைக்கும் நெட்வொர்க் சுவிட்சுகள் எல்லாம் விழித்துக்கொண்டுதான் இருந்தன. வெளி நெட்டுக்கு 5-க்கு 2. அந்த இரண்டும் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறிலிருந்து எட்டு வரைக்குமானது. அந்த நேரத்தில் அது பறக்கும்.

எல்லா விதியையும் திட்ட மாட்டேன். சொந்த ரௌட்டர் வைக்கக் கூடாது என்றார்கள், அது நியாயமான விதி. வீட்டிலிருந்து கொண்டுவந்த வைஃபை பெட்டியில் இன்டர்நெட் போர்ட்டில் சொருக வேண்டிய கேபிளை ஒருவன் தெரியாமல் லேன் போர்ட்டில் சொருகினால் போதும், அந்தச் சின்னப் பெட்டி தானே பெரிய ஆள் என்று நினைத்துக்கொண்டு மாடியில் இருக்கும் எல்லோருக்கும் ஐபி முகவரி (நெட்வொர்க்கில் ஒவ்வொரு லேப்டாப்புக்கும் தரும் எண்) வழங்க ஆரம்பித்துவிடும். 10-இல் தொடங்க வேண்டிய முகவரி 192.168 என்று வந்து நிற்கும், லாகின் பக்கம்கூடத் திறக்காது. செமஸ்டருக்கு இரண்டு முறையாவது நடக்கும். அப்போது விங்கில் அறை அறையாகப் போய், கட்டிலுக்கு அடியில், பீரோவுக்குள், ஒருமுறை அரிசி டப்பாவுக்குள் (அது எதற்கு ஹாஸ்டலில் அரிசி டப்பா என்று யாரும் கேட்கவில்லை) ரௌட்டரைத் தேடுவோம். ஒரே கேபிளின் இரண்டு முனையையும் ஒரே சுவிட்சில் சொருகி மொத்த பிளாக்கையும் படுக்க வைத்த மகானும் எங்கள் பேட்சில் உண்டு. அவன் இப்போது ஒரு நெட்வொர்க் கம்பெனியில் வேலை செய்கிறான்.

ஃபைல் ஷேரிங் விதிக்குத்தான் வருகிறேன். முதல் நாள் ஒரு தாள் கொடுத்துக் கையெழுத்து வாங்கினார்கள். 'பியர் டு பியர் மென்பொருள் எதுவும் கூடாது, மீறினால் டிஎம்சிஏ சட்டப்படி நடவடிக்கை' என்று அதில் இருந்தது. பியர் டு பியர் என்றால் ஒருவர் கணினியிலிருந்து இன்னொருவர் கணினிக்கு நேராக ஃபைல் மாற்றுவது. டிஎம்சிஏ என்பது 1998-இல் அமெரிக்காவில் வந்த பதிப்புரிமைச் சட்டம். அவினாசி ரோட்டில் அதற்கு என்ன வேலை? ஏதோ ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் விதித் தாளை எடுத்து, பெயரை மட்டும் மாற்றி அச்சடித்திருக்கிறார்கள். இங்கே பொருந்துவது நம்முடைய 1957-ஆம் வருஷப் பதிப்புரிமைச் சட்டம், அதன் 63-ஆம் பிரிவு, தண்டனை 6 மாதம் முதல் 3 வருஷம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம். அதை எழுதியிருந்தால் உண்மையிலேயே பயந்திருப்போம்.

அமெரிக்கக் கல்லூரிகள் அப்படி ஒரு தாளை அச்சடித்ததற்குக் காரணம் இருக்கிறது. 2003 ஏப்ரலில் இசைத்தட்டுக் கம்பெனிகளின் சங்கம் நான்கு மாணவர்கள் மேல் வழக்குப் போட்டது, கேம்பஸ் நெட்வொர்க்கில் இருக்கும் ஃபைல்களைத் தேடித் தரும் தளங்களை நடத்தினார்கள் என்று. நாலு பேரும் ஆளுக்கு 12,000 டாலரிலிருந்து 17,500 டாலர் வரை கட்டிச் சமரசம் செய்துகொண்டார்கள். 2008-இல் வந்த உயர்கல்விச் சட்டம், திருட்டு நகல் பரிமாற்றத்தைத் தடுக்க ஒரு திட்டம் வைத்திருக்க வேண்டும் என்று கல்லூரிகளுக்கே பொறுப்பு கட்டியது. அங்கே கல்லூரிக்குப் பயம் இருந்தது, தாள் அடித்தார்கள், சரி. எங்கள் ஆட்களுக்கு அந்தப் பயம் எதுவும் இல்லை, தாள் மட்டும் வந்து சேர்ந்திருந்தது.

விதியைப் போட்டவர்கள், வெளியே எங்கெங்கோ இருப்பவர்களிடமிருந்து ஃபைல் இறக்கும் டோரன்ட்டை நினைத்துப் போட்டார்கள், அது வெளி லைனைத் தின்னும், சரிதான். அதே வரியில் ஹாஸ்டலுக்குள் ஓடிய ஹப்பையும் சேர்த்துத் தடை செய்ததுதான் எனக்குப் புரியவே இல்லை.

தெரியாதவர்களுக்காக ஹப் பற்றிக் கொஞ்சம். டிசி பிளஸ் பிளஸ் என்று ஓர் இலவச மென்பொருள், 2001-இல் வந்தது, அந்தக் காலத்தில் இந்தியாவில் லேன் வசதி இருந்த பொறியியல் விடுதிகளில் அதைத் தெரியாதவன் குறைவு. ஹப் என்பது ஒரு பழைய டெஸ்க்டாப், அதில் ஃபைல் எதுவும் இருக்காது. யாரிடம் என்ன இருக்கிறது என்று தேட விடும், இரண்டு பேரை அறிமுகம் செய்து வைக்கும், அதோடு அதன் வேலை முடிந்தது. ஃபைல் நேராக ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் போகும். கல்யாணத் தரகர் மாதிரி, ஆனால் கமிஷன் இல்லை. எங்கள் ஹப்பில் நுழைய 20 ஜிபியாவது பகிர வேண்டும் என்று கணக்கு. முதல் வருஷத்தில் என்னிடம் அவ்வளவு எங்கே இருந்தது? விண்டோஸ் ஃபோல்டரையே பகிர்ந்து உள்ளே நுழைந்தேன், பத்தே நிமிஷத்தில் மெயின் சாட்டில் எல்லோர் முன்னாலும் மானம் போனது.

அங்கே என்ன கிடைத்தது? படங்கள் கிடைத்தன, மறைக்கவில்லை. வெள்ளிக்கிழமை வந்த படம் ஞாயிற்றுக்கிழமை இரவு ஹப்பில் இருக்கும், திரைக்கு முன்னால் யாரோ எழுந்து பாத்ரூம் போவதும் சேர்ந்தே பதிவாகியிருக்கும். உள்ளேயே கை மாறினாலும் திருட்டு திருட்டுதான், அந்த விஷயத்தில் நிர்வாகத்தைத் திட்ட எனக்கு வாய் இல்லை. ஆனால் அதே ஹப்பில்தான் 'அரியர் கிளியர்' என்ற பெயரில் ஒரு ஃபோல்டர் இருந்தது. ஏழெட்டு பேட்ச் சீனியர்கள் கையால் எழுதி ஸ்கேன் செய்த நோட்ஸ், லேப் ரெக்கார்டு, வைவாவில் எந்த எக்ஸ்டர்னல் என்ன கேட்பார் என்பதுவரை அதில் இருந்தது. நாங்கள் அண்ணா பல்கலையின் புதிய பாடத்திட்டமான ரெகுலேஷன் 2013-க்கு முதல் பேட்ச், பழைய கேள்வித்தாள் எதுவும் அப்படியே பொருந்தாது. அதனால் யாரோ ஒரு புண்ணியவான் பழைய சிலபஸின் எந்த யூனிட் புதியதில் எங்கே வருகிறது என்று ஓர் எக்செல் ஷீட் போட்டு வைத்திருந்தான். அது யார் என்று கடைசிவரை தெரியவில்லை, ஹப்பில் அவன் பெயர் 'பரோட்டா மாஸ்டர்'. என் சிக்னல்ஸ் பேப்பர் தேறியதில் பாதிப் பங்கு அவனுக்கு. என்பிடெல் வீடியோக்கள் இருந்தன. ஐஐடி வாத்தியார்கள் எடுத்த பாடம், இலவசமாகப் பார்க்கச் சொல்லியே போட்டது, ஆனால் எங்கள் லைனில் ஒரு மணிநேர வகுப்பைப் பார்க்க மூன்று மணிநேரம் சுற்றும். யாரோ ஒருவன் ஞாயிறு காலைகளில் எழுந்து ஒவ்வொன்றாக இறக்கி ஹப்பில் வைத்தான், 1200 பேரும் பார்த்தோம்.

ஒரு கணக்கு சொல்கிறேன். மூன்றாம் வருஷம் மொபைல் ஆப் லேபுக்கு ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ வேண்டும், அதனோடு வரும் மற்றச் சாமான்களையும் சேர்த்துக் கிட்டத்தட்ட 3 ஜிபி. எங்கள் பேட்சில் அது தேவைப்பட்டவர்கள் 240 பேர். விதிப்படி நடந்தால் 720 ஜிபி அந்த 200 எம்பிபிஎஸ் லைன் வழியாக வர வேண்டும். வேறு யாரும் எதுவும் தொடாமல் இருந்தால்கூட முழுசாக எட்டு மணிநேரம், தினம் 1 ஜிபி கோட்டாவில் ஒவ்வொருவனுக்கும் மூன்று நாள். நடந்தது என்னவென்றால் ஒருவன் இறக்கினான், மற்ற 239 பேரும் ஹப்பில் எடுத்தோம், ஆளுக்கு ஐந்து நிமிஷம். வெளி லைனைக் காப்பாற்றத்தான் விதி என்றால், அதைக் காப்பாற்றியது விதியை மீறிய நாங்கள்தான். லைனுக்கு அடைப்பு வரக் கூடாது என்று சொல்லிக்கொண்டே அடைப்பு எடுப்பவனுக்கு ஃபைன் போட்டார்கள்.

ஃபயர்வால் பற்றியும் சொல்லிவிடுகிறேன், அது தனி ஜாதி. வெப்சைட்டுகளை வகை வகையாகப் பிரித்து வைத்திருக்கும், எங்கள் ஆட்கள் எந்த வகையைப் பார்த்தாலும் டிக் அடித்துத் தடுத்திருந்தார்கள். 2014 டிசம்பர் கடைசியில் மத்திய அரசு 32 தளங்களை முடக்கியது, புரோகிராம் எழுதுபவர்கள் கோடு வைத்துப் பகிரும் கிட்ஹப், அப்புறம் விமியோ, பேஸ்ட்பின் எல்லாம் அதில் மாட்டின, நாடு முழுக்க புரோகிராமர்கள் கத்தினார்கள். எங்களுக்குச் செய்தியைப் படித்துத்தான் விஷயமே தெரியும். எங்கள் ஹாஸ்டலில் கிட்ஹப் அதற்கு முன்னாலிருந்தே 'ஃபைல் ஷேரிங்' என்ற வகையில் பிளாக்காகிக் கிடந்தது. கம்ப்யூட்டர் சயன்ஸ் டிபார்ட்மென்ட் இருக்கும் கல்லூரி.

விதியை மீறாமலே மாட்டிக்கொண்ட கதை ஒன்று உண்டு. 2014 தீபாவளி முடிந்து ஊரிலிருந்து வந்து லாகின் செய்தால், 'உங்கள் கணக்கு 15 நாள் முடக்கப்பட்டுள்ளது'. சர்வர் ரூமுக்குப் போனேன். அங்கிருந்த சார் நல்ல மனுஷன், திட்டவெல்லாம் இல்லை, திரையை என் பக்கம் திருப்பினார்.

"நாலு நாளும் டோரன்ட் போட்டிருக்கியேப்பா. தினமும் ஒரு ஜிபி, கோட்டா தீர்ற வரைக்கும். ஆயிரம் ரூபா ஃபைன், அப்பாகிட்ட கையெழுத்து வாங்கிட்டு வா."

"சார், நான் ஊர்லயே இல்ல சார். தீபாவளிக்கு வீட்டுக்குப் போயிருந்தேன்."

"எல்லாரும் இதையேதான் சொல்றீங்க. உன் மேக் அட்ரஸ், உன் பாஸ்வேர்டு. வேற யாரு?"

யாராக வேண்டுமானாலும் இருக்கலாம். மேக் முகவரியை மாற்றுவது இரண்டு நிமிஷ வேலை, முதல் வருஷப் பையனுக்கே தெரியும். பாஸ்வேர்டு எல்லோருக்கும் பிறந்த தேதிதான், மாற்றிக்கொள் என்று யாரும் சொன்னதில்லை. என் பிறந்த தேதி எப்படித் தெரியும் என்கிறீர்களா? நள்ளிரவில் கேக்கை முகத்தில் அப்பி, நாலு பேர் கையைக் காலைப் பிடித்துத் தூக்க, மிச்சம் பேர் வரிசையில் நின்று உதைத்த தேதி அது, விங்குக்கே மனப்பாடம். கடைசியில் என்னைக் காப்பாற்றியது அவுட்பாஸ். ஹாஸ்டலில் நான் அதிகம் வெறுத்த காகிதம் அது, மூன்று கையெழுத்து இல்லாமல் கேட்டைத் தாண்ட முடியாது. வார்டன் ஆபீஸ் ரிஜிஸ்டரில் நான் போன நேரம், வந்த நேரம் எல்லாம் வாட்ச்மேன் கையெழுத்தில் இருந்தது. அதைப் போட்டோ எடுத்துக் காட்டிய பிறகு சார் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரிப்பா, பாஸ்வேர்டை மாத்திக்க" என்றார். முடக்கத்தை மட்டும் பத்தாவது நாள்தான் எடுத்தார்கள், கையெழுத்து போட வேண்டியவர் லீவில் இருந்தாராம். சேவை மனப்பான்மைக்கு 3, வேகத்துக்கு 1.

இந்த ஹப்பை நிர்வாகம் மூன்று முறை மூடியது. மூன்று முறையும் இரண்டு நாளில் வேறொரு அறையில் திறந்தது. பிறகு 2016 செப்டம்பர் 5 வந்தது. ஜியோ சிம். முதலில் தினம் 4 ஜிபி இலவசம், வருஷம் பிறந்ததும் அது 1 ஜிபி ஆனது, ஆனாலும் மார்ச் வரை காசே கிடையாது. ஆதார் நகலோடு காந்திபுரத்தில் வரிசையில் நின்றோம். தீபாவளிக்குள் ஹப்பில் எப்போதும் இருக்கும் 400 பேர் 150 ஆனார்கள், பொங்கலுக்குப் பிறகு 40. எல்லோரும் அவரவர் போனில் அவரவர் படம். 11 மணி வெட்டு யாருக்கும் உறைக்கவே இல்லை. நான் கிளம்பும்போது ஹப்பில் ஒன்பது பேர் இருந்தார்கள், 'பரோட்டா மாஸ்டர்' உட்பட.

சரி, இன்றைய நிலவரம், சேரப்போகிறவர்களுக்கு. லைன் இப்போது 1 ஜிபிபிஎஸ். லேன் பாயின்ட்டுகளை பெயின்ட் அடித்து மூடிவிட்டார்கள், எல்லாம் வைஃபை. வராந்தாவில் சீலிங்கில் வெள்ளைத் தட்டு மாதிரி தொங்குகிறது, அதற்கு நேர் கீழே இருக்கும் அறைக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள், மூலை அறைக்காரர்கள் கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார வேண்டும். அட்மிஷனில் கேட்டு வாங்க முடிந்தால் வராந்தா நடு அறையாகக் கேளுங்கள். மேக் படிவம் ஒழிந்தது, மொபைல் நம்பரும் ஓடிபியும்தான். கிட்ஹப் திறக்கிறது. வெளி நெட்டுக்கு இப்போது தாராளமாக 3.5 தரலாம். உள்ளே? பூஜ்யம். ஒரே வைஃபையில் இருக்கும் இரண்டு லேப்டாப் ஒன்றையொன்று பார்க்க முடியாதபடி அமைத்திருக்கிறார்கள். பாதுகாப்புக்கு அது நல்லதுதான், வைரஸ் பரவாது. பக்கத்துக் கட்டிலுக்கு ஒரு ஃபைல் அனுப்ப வேண்டுமென்றாலும் கூகுள் டிரைவில் ஏற்றி, எங்கோ இருக்கும் சர்வர் வரை போய்வரச் செய்துதான் இறக்க வேண்டும்.

பெண்கள் விடுதி விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும், அங்கேதான் எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. பையன்கள் விடுதியில் வைஃபை இரவு 12 வரை, பெண்களுக்கு 10 வரை. கட்டணம் ஒன்றுதான். தங்கை வார்டனிடம் கேட்டிருக்கிறாள், "எங்களுக்கு மட்டும் ஏன் மேடம் பத்து மணி?" பதில், "உங்க பேரன்ட்ஸ்தாம்மா கேட்டாங்க." எங்கள் வீட்டில் யாரையும் யாரும் கேட்கவில்லை, அப்பாவுக்கு வைஃபை எத்தனை மணிக்கு வருகிறது என்பதே தெரியாது. 2019 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. கோழிக்கோடு பக்கம் ஒரு கல்லூரியின் பெண்கள் விடுதியில் மாலை 6 முதல் இரவு 10 வரை போன் தொடக் கூடாது என்று விதி, ஒரு மாணவி ஒத்துக்கொள்ளவில்லை, வெளியேற்றிவிட்டார்கள், அவர் கோர்ட்டுக்குப் போனார். இணையம் பயன்படுத்துவது கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கும் என்று சொல்லி, அவரைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது கோர்ட். தமிழ்நாட்டு ஹாஸ்டல்களை அந்தத் தீர்ப்பு நேரடியாகக் கட்டுப்படுத்தாது, தெரியும். ஆனால் அச்செடுத்துக் கையில் வைத்துக்கொண்டு வார்டனிடம் பேசினால் பேச்சு வேறு மாதிரி போகும். தங்கைக்கு அனுப்பி வைத்திருக்கிறேன். பிள்ளையைச் சேர்க்க வருகிற பெற்றோர் அட்மிஷன் அன்றே இரண்டு விடுதியின் நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள்.

கிளம்பும்போது, உங்கள் விங்கில் நோட்ஸெல்லாம் எப்படித்தான் மாற்றிக்கொள்கிறீர்கள் என்று அவளிடம் கேட்டேன். சிரித்துக்கொண்டே ஒரு நோட்டைக் காட்டினாள். 2 டிபி ஹார்டு டிஸ்க் ஒன்றை விங்கில் பதினான்கு பேர் காசு போட்டு வாங்கியிருக்கிறார்கள், அது அறை அறையாகச் சுற்றுகிறது, எடுப்பவர் பெயர், அறை எண், திருப்பித் தரும் நாள் எல்லாம் அந்த நோட்டில் கோடு போட்டு எழுதியிருக்கிறது. உள்ளே முதல் ஃபோல்டரின் பெயர் 'அரியர் கிளியர்'. நீயா வைத்தாய் என்றேன், இல்லை, சீனியர் அக்கா கொடுத்த பென் டிரைவில் அப்படியே வந்தது என்றாள். திறந்து பார்க்கலாம் என்றால் டிஸ்க் அப்போது 214-இல் இருந்தது, செவ்வாய்க்கிழமைதான் வருமாம்.